சமாதானமா இருங்க

மயில்துத்தம் கலந்த மைதாப் பசையின் வாடை மூக்கில் ஏறினால் இன்றும் எனக்கு ஒரு ஆட்டின் நினைவு வரும். நான் சிறுமியாக இருந்தபோது கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவார்கள். பூச்சி அரிக்காமலிருக்கக் கலக்கும் துத்தம் விஷம் என்பதால் பசைச் சட்டியை மூடிவைப்பது என் வேலை. ஒரு பங்குனி மத்தியானம் அதை மறந்து விளையாடப் போய்விட்டேன். பக்கத்து வீட்டு எஸ்தர் பெரியம்மாவின் சினையாடு பசையைக் குடித்துச் செத்துப்போனது.

மூடினேன் என்று நான் சொன்ன பொய்யை அம்மா நம்பினாள். "எம்மவ மூடித்தான் வச்சா."

"ஆமா, எங்க ஆடு மூடியத் தொறந்து குடிச்சிட்டு, திரும்ப மூட மறந்துட்டு," என்றார் பெரியம்மா. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு அப்பமும் ரசமும் தரும் திருவிருந்து உண்டு; மனத்தாங்கலோடு வாங்குவது பாவம் என்று அப்படி உள்ளவர்கள் எழுந்து போகமாட்டார்கள். இரண்டு மாதம், முதல் ஞாயிறுதோறும், இருவரும் பாயிலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் நான் பாய்க் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்றால், வீட்டில் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பா "சமாதானமா இருங்க" என்பார். அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்றுதான் நான் விளங்கிவைத்திருந்தேன். வேதத்தில் அந்தச் சொல் வந்த இடமெல்லாம் அப்படியே படித்தேன். நான் வாய் திறந்தால் அந்தச் சமாதானம் கெட்டுப்போகும்.

மூன்றாம் மாதம் அம்மா, "எம்மேல தப்பில்ல, நான் ஏன் ஒதுங்கி இருக்கணும்?" என்று முணுமுணுத்தபடி எழுந்தாள். என் பொய்யை நம்பி அவள் வாங்கப்போகிறாளே என்று பயந்து, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"மூடலம்மா. நான்தான் மூடல."

அம்மா என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பெரியம்மாவின் பாய்க்குப் போனாள். "அக்கா, இவ மூடலயாம்."

பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏட்டி, இதச் சொல்ல ஒனக்கு மூணு மாசமா?" என்றவர், அம்மாவின் கையைப் பிடித்து எழுந்தார். "வா தாயி, பந்தி முடிஞ்சிரப் போவுது."

இன்று ஊரில் யாரும் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவதில்லை. பெரியம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், முகத்துக்கு நேரே அப்படிக் கேட்க ஆளில்லை. தம்பி பொண்டாட்டியும் நானும் சண்டை போடவில்லை, பேசுவதில்லை, அவ்வளவுதான். தப்பு என் மேல்தான். நாளை முதல் ஞாயிறு. அவள் வீடு நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. காலையிலிருந்து இரண்டு தரம் செருப்பைப் போட்டுக் கழற்றிவிட்டேன். இருட்டுவதற்குள் போய்ச் சொல்லிவிடவேண்டும்.