எலுமிச்சம்பழத்தை நம்பிப் போட்ட பூமழை

காலையில நான் பஸ்ஸுக்கு நின்ன இடத்துல புது நிழற்குடை திறப்பு விழா. ரிப்பன் வெட்ட வர்ற தலைவர் மேல ட்ரோன்ல இருந்து ரோஜா இதழ் கொட்டுறதா ஏற்பாடு.

ட்ரோன்காரர் ஒத்திகைக்கு ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டுப் பாத்தாரு. சாக்பீஸ்ல போட்ட வட்டத்துக்குள்ள கரெக்டா விழுந்துச்சு.

ரோடு கூட்டிக்கிட்டிருந்த அக்கா சொன்னாங்க: "அப்பு, அது பழம். இதழ் காத்துல எங்கிட்டாவது போயிரும். தெனம் அது பின்னாடி வெளக்கமாத்தோட ஓடுறவ சொல்றேன்."

அவர் சிரிச்சாரு. "கனமோ லேசோ, எல்லாம் ஒரே வேகத்துலதான் விழும்க்கா. ஸ்கூல்லயே படிச்சிருக்கேன்."

பாடத்துல 'காற்று இல்லாத இடத்தில்'னு ஒரு வரி உண்டு. அன்னைக்கு அண்ணன் லீவு போல.

தலைவர் வந்தாரு. கை கூப்பி, கேமராவுக்காக முகத்தை மேல தூக்குனாரு. ஒரு கூடை இதழ் கொட்டுச்சு. அம்புட்டும் அவரைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, குப்பை வண்டிகிட்ட நின்ன அதே அக்கா மேல பொழிஞ்சுச்சு. தலைவருக்கு ஒண்ணுகூட இல்ல.

அக்கா தலையத் தட்டிவிட்டாங்க. "எங்க விழுந்தாலும் நாந்தான் கூட்டணும். இன்னைக்கு என் மேலயாச்சும் விழுந்துச்சே."

மத்தியானம் தலைவரோட ஃபேஸ்புக் பக்கத்துல வீடியோ வந்துருச்சு: 'பூமழையில் நனைந்த தலைவர்'. இதழ் எல்லாம் கம்ப்யூட்டர்ல சேத்தது. ஒண்ணுகூட அசையாம, எலுமிச்சம்பழம் மாதிரி நேரா விழுது.

அப்ப அவரைச் சுத்திக் காத்தே இல்லைன்னு அர்த்தம். மனுசன் எப்படி மூச்சு விடுறாருன்னு பிசிக்ஸ் படிச்சவங்க யாராவது சொல்லுங்க.