கருவாட்டு மணல்

தாம்பரம் மார்க்கெட்டில் பாப்பாவிடம் கருவாடு வாங்குகிறவர்கள் பேரம் பேசுவதில்லை. பேசினால் கூடையை மூடிவிடுவாள். எனக்கே ஒருமுறை மூடியிருக்கிறாள். புருஷன் போன பிறகு இரண்டு பெண்களைக் கரையேற்றியது அந்தக் கருவாடுதான். அது காய்வது அவளுடைய குப்பத்தின் தெற்கே இருக்கும் பொதுமணலில்.

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போடப்போகும் புது இணைப்புச் சாலை அந்த மணலில்தான் வந்து முடிகிறது என்று தை மாதத்தில்தான் பெண்களுக்குத் தெரிந்தது. அளக்கிறவர்கள் வந்தது ஐப்பசி அடைமழையில். மழையில் எவள் மீன் காயப்போடுவாள்? காலி இடம் என்று கல் நட்டுவிட்டுப் போனார்கள். அதைக்கூட மன்னிக்கலாம். ஊர்ப் பஞ்சாயத்தும் தலையாட்டியிருந்தது. அங்கே பஞ்சாயத்து என்பது ஆண்கள் சமாச்சாரம். பெண்களைக் கூப்பிடும் வழக்கமே இல்லை. படகு நிறுத்தும் இடம் தப்பியதே என்று ஆண்களுக்குத் திருப்தி.

பாப்பா கத்தவில்லை. மறுநாள் காலை படகுகள் கரைக்கு வந்தபோது ஒரு பெண்கூடக் கூடை எடுத்துக்கொண்டு போகவில்லை. பிடிப்பது ஆண், விற்பது பெண் என்பதும் அந்த ஊர் வழக்கம்தானே. மீன் கரையிலேயே கிடந்தது. வெயில் ஏற ஏற ஆண்களின் முகம் சுண்டியது. பஞ்சாயத்துத் தலைவர் கங்காதரன், பாப்பாவின் கொழுந்தன், அவள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னா அண்ணி இது? மீனு நாறிடும்."

"நீயே கூடைய தூக்கினு போ."

"ரோடே வேணான்றியா?"

"ரோடு வரட்டும். நானுந்தான் அதுல தாம்பரம் போவேன். எங்க மணல வுட்டுட்டு வரட்டும்."

"சரி, நான் போயி பேசறேன்."

"நீ பேசின வரைக்கும் போதும்."

கங்காதரன் வந்த வழியே திரும்பிப் போனார். அன்றைய மீன் வீணாய்ப் போனது. அடுத்த நாள் வந்த நெத்திலியை ஆண்களே சுமந்துவந்து அந்த மணலில் கொட்டினார்கள்.

அந்த வாரமே பொக்லைன் வந்தது. நட்ட கல்லைச் சுற்றி நெத்திலியைப் பரப்பிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் பாப்பா. கூட வந்த அதிகாரி நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை.

"உங்க ஊரே ஒத்துக்கிச்சேம்மா" என்றார்.

பாப்பா நெத்திலியைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒத்துகினது பாதி ஊருதான் சார். மீதி ஊரு இங்க குந்திகினு கீது."