சந்தனத்துக்கு அடியில் சிவப்பு விளக்கு

அந்தப் பெட்டியை வாங்கச் சொல்லி முதலாளியை நச்சரித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு அந்தக் கம்பெனியில் யாருக்கும் இது ஞாபகம் இல்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

வேலம்பாளையத்தில் குழந்தைகள் துணி தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி. கீழே முப்பது தையல் மிஷின்கள். மாடியில் ஏசி போட்ட ஒரே அறை என்னுடையது. இரண்டு கம்ப்யூட்டர்களில், துணி வெட்ட அளவு காட்டும் பேட்டர்ன் படங்களும் எம்பிராய்டரி டிசைன்களும் இருக்கும். கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவள் என்பதால் எனக்கு 'கம்ப்யூட்டர் அம்மிணி' என்று பெயர். அந்தப் பெயர் எனக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் இருந்தது. யாராவது செருப்புப் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டால் நான் போடுகிற சத்தம் கட்டிங் டேபிள் வரைக்கும் கேட்கும். பஞ்சுத் தூசி மிஷினுக்குள் போய்விடும், அறிவில்லையா என்று கத்துவேன். தூசிக்கு அவ்வளவு பயந்தவள்!

பெட்டி வருவதற்கு முன்னால் ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லா டிசைன்களையும் டிவிடியில் ஏற்றி, மேலே பேனாவால் தேதி எழுதி, பீரோவில் வைக்க வேண்டும். ஒரு டிவிடி எழுதி முடிவதற்குள் டீ குடித்துவிட்டு வந்து, ஊர்க்கதையும் பேசி முடித்துவிடலாம். எனக்கு அந்த வேலை வேப்பங்காய். அப்போதுதான் இரட்டை ஹார்ட் டிஸ்க் பெட்டி பற்றி ஒரு கடைக்காரர் சொன்னார். உள்ளே இரண்டு டிஸ்க். நாம் ஒரு தடவை பதிந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிந்துகொள்ளும். ஒன்று செத்தாலும் இன்னொன்றில் எல்லாம் இருக்கும். இதைக் கேட்டதிலிருந்து முதலாளியைப் பார்க்கும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவேன்.

"ஸ்டெப்னி மாதிரிங்கறே?" என்றார் முதலாளி. அவர் ஒரு காலத்தில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர்.

"ஸ்டெப்னி இல்லீங்க. ரெண்டு சக்கரமும் ஒண்ணாவே ஓடுமுங்க."

"ரெண்டும் போச்சுன்னா?"

"அதெப்படீங்க ரெண்டும் போகும்?" என்று நான் சிரித்தேன். அவர் நம்பினார். என்னை நம்பித்தான் வாங்கினார்.

செங்கல் இரண்டை ஒட்டி வைத்த அளவில் கறுப்புப் பெட்டி வந்தது. முன்பக்கம் இரண்டு சின்ன விளக்குகள். ஒரு டிஸ்க்குக்கு ஒன்று. பச்சை எரிந்தால் நலம். சிவப்பு எரிந்தால் அந்த டிஸ்க் போய்விட்டது, உடனே மாற்ற வேண்டும். சத்தமும் போடும். கூட வந்த புத்தகத்தில் இதெல்லாம் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. அன்றைக்கே டிவிடிக்கு முழுக்குப் போட்டேன். கம்ப்யூட்டரில் இடம் போதாமல் இருந்ததால் பழைய டிசைன்களை எல்லாம் பெட்டிக்கு மாற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன். பீரோவில் இருந்த பழைய டிவிடிகளையும் தூக்கிப் போட்டேன். இரண்டு டிஸ்க்கில் இருக்கிறதே என்கிற தைரியம். ஒரே பெட்டிக்குள் இருக்கிற இரண்டு டிஸ்க்கும் ஒரே இடம்தான் என்று கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.

கம்பெனியில் எல்லாருக்குமே அவர் அக்காதான். செக்கிங் பிரிவில் இருந்தார். தைத்து வந்த துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, பிசிறு நூலை வெட்டுகிற வேலை. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கம்பெனி ஒரு ஷெட்டில் நான்கு மிஷினோடு ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர். அந்த நான்கு மிஷினுக்கும் முதல் பொட்டு வைத்தது அவர். நான்கு முப்பதானது அந்தக் கையால்தான் என்று முதலாளிக்கு அசையாத நம்பிக்கை. புது மிஷின் வந்து இறங்கினால், அக்கா பொட்டு வைக்காமல் மெக்கானிக் பிளக்கைச் செருக முடியாது. "அக்கா கை பட்டா வெளங்கும்" என்று யார் முன்னாலும் சொல்வார். சம்பளம் மற்ற செக்கிங் பெண்களுக்கு என்னவோ அதேதான். ஆனால் அந்த நாட்களில் அக்கா தலைக்குக் குளித்து, இருந்த ஒரே பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வருவார். சந்தனக் கிண்ணத்தை வேறு யாரையும் தொட விடமாட்டார். அவர் இருந்த காலனியிலும் புது வண்டி, புது கேஸ் அடுப்பு என்று எது வாங்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். கைராசி என்பது அவருக்கு ஒரு நகை மாதிரி. போட்டுக்கொள்ள அவரிடம் வேறு நகையும் இல்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் என் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "செத்த நேரம் குளுகுளுன்னு நின்னுக்கறேன் அம்மிணி" என்பார். எல்லாரையும் விரட்டுகிற நான் அவரை மட்டும் விரட்டியதில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும். இன்றைக்கும் பிடிக்கும்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குக் கீழே எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு அக்கா மாடிக்கு வந்தார். கம்ப்யூட்டர், பிரிண்டர், பேட்டர்ன் வெட்டும் கத்தரி என்று எல்லாவற்றுக்கும் வைத்தார். பெட்டிக்கு முன்னால் வந்ததும் கை நின்றது.

"இதுக்கு எங்க அம்மிணி வெக்கறது? ரெண்டு கண்ணாட்ட வெளக்கு எரியுதே."

"அந்தக் கண்ணு மேலயே வெய்யுங்கக்கா. இருக்கறதுலயே முக்கியமான பொருள் அதுதான். கண்ணு படாம இருக்கட்டும்."

"வெளக்கு மறைஞ்சு போயிறாதா?"

"அது சும்மா அழகுக்கு எரியறதுக்கா. நீங்க நல்லா பெருசாவே வெய்யுங்க."

அக்கா கேட்டார். இத்தனை வருடம் கழித்தும் என்னைக் குத்துவது அதுதான். எழுதப் படிக்கத் தெரியாத அக்காவுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை இரண்டு விளக்கின் மேலும் வட்டமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

ஆயுத பூஜைப் பொட்டை எங்கள் பக்கம் யாரும் துடைக்கமாட்டார்கள். தானாக உதிர்கிற வரைக்கும் இருக்க வேண்டும். தையல் மிஷின்கள் ஓடுகிற அதிர்வில் பொட்டு பத்து நாளில் உதிர்ந்துவிடும். என் பெட்டி ஏசி அறையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்ததால் சந்தனம் சுண்ணாம்புப் பூச்சு மாதிரி இறுகிக்கொண்டது.

தை மாதம் என்று ஞாபகம். கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், என் அறையில் எதுவோ 'கீ கீ' என்று கத்த ஆரம்பித்தது. யூபிஎஸ்தான் என்று நினைத்து அதைத் தட்டினேன். அது இல்லை. பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்னப் பட்டன் இருந்தது, அமுக்கினேன். சத்தம் நின்றது. முன்பக்கம் பார்த்தேன். இரண்டு சந்தனப் பொட்டு. நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டியிருந்தால் போதும். பொட்டை எடுக்கக் கூடாது என்று விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பொய். சோம்பேறித்தனம். ஃபைல் திறக்கிறதா என்று பார்த்தேன், திறந்தது. அப்புறமென்ன என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டேன். பட்டன் அமுக்கிய கதையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் செய்த குழந்தைகள் நைட்டிக்கு ரிப்பீட் ஆர்டர் வந்தது. அதே பேட்டர்ன், அதே எம்பிராய்டரி. எடுத்துக் கொடுக்கலாம் என்று பெட்டியைத் திறந்தால் உள்ளே 'டொக், டொக்' என்றது. பிறகு அதுவும் நின்றது. கம்ப்யூட்டரில் அப்படி ஒரு பெட்டி இருப்பதாகவே காட்டவில்லை. ஸ்கேலை எடுத்துச் சந்தனத்தைப் பெயர்த்தேன். இரண்டு விளக்கும் சிவப்பு.

டவுனில் ஒரு சர்வீஸ்காரரிடம் பெட்டியைக் கொண்டுபோனேன். அவர் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணு போயி ரெண்டு மூணு மாசம் ஆயிருக்குதுங்க. இன்னொண்ணு இப்பத்தான் போயிருக்குது. செவப்பு எரிஞ்சிருக்குமே, கத்தியிருக்குமே, பாக்கலீங்களா?" என்றார்.

"இல்லீங்களே" என்றேன்.

விளக்கின் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "என்னங்க, இதுக்குமா பொட்டு?"

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வழி கிடைத்தது. டவுன் பஸ்ஸில் திரும்பி வரும்போது முழு வாக்கியத்தையும் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

ஆபீஸ் ரூமில் முதலாளியும் பேட்டர்ன் மாஸ்டரும் இருந்தார்கள். "என்னாச்சு அம்மிணி?" என்றார் முதலாளி.

"உள்ள சந்தனத் தண்ணி எறங்கிருச்சாட்ட இருக்குதுங்க. ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சப்ப..."

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லை. அந்தக் கம்பெனியில் பொட்டு வைக்கிற கை ஒன்றுதான்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "அக்கா வெச்சதா?"

"ஆமாங்க."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. எங்கே வைக்கச் சொன்னது யார், கத்தியதை அமுக்கியது யார், கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? மாட்டேன். என்ன பெண் நான், சீ.

அவர் அக்காவைக் கூப்பிட்டுத் திட்டவில்லை, விசாரிக்கவும் இல்லை. ஆனால் சாயங்கால டீக்குள் கீழே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பேட்டர்ன் மாஸ்டர் பழைய சாம்பிள் நைட்டியைத் தையல் பிரித்து, துண்டு துண்டாகப் பேப்பரில் வைத்து வரைந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பத்து நாள். 'பாவம், கம்ப்யூட்டர் அம்மிணி சோறு தண்ணி இல்லாம வேலை செய்யுது' என்று எனக்கு நல்ல பெயர் வேறு.

அந்த வாரத்தில் ஒருநாள் அக்கா மாடிக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார், ஆனால் உள்ளே வரவில்லை. நிலைக்கு வெளியிலேயே நின்றார்.

"கெட்டியாத்தான் கொழைச்சேன் அம்மிணி. தண்ணி கொஞ்சம் சேந்துருச்சாட்ட இருக்குது. எனக்கென்ன தெரியும் இந்த மிசினப் பத்தி." முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "உன்னைய மொதலாளி எதாவது பேசீட்டாருங்களா?"

நான்தான் விளக்கின் மேல் வைக்கச் சொன்னேன் என்பது அவருக்கு மறந்திருக்காது. ஆனால் தண்ணீர் இறங்கியது தன் குறை என்று நம்பினார். படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். எனக்காகக் கவலைப்பட்டு மாடி ஏறி வந்திருந்தார்.

"பரவால்ல விடுங்கக்கா" என்றேன். நான், அவரை, மன்னித்தேன்.

அடுத்த மாதம் இரண்டு புது மிஷின்கள் வந்தன. வருகிற செய்தி முன்னாலேயே எல்லாருக்கும் தெரியும். அன்று காலையில் அக்கா தலைக்குக் குளித்து, அந்தப் பட்டுச் சேலையில் வந்திருந்தார். பதினோரு மணிக்கு லாரி வந்தது. முதலாளி வீட்டிலிருந்து காரில் அவர் மனைவியைக் கூட்டிவந்தார்கள். அந்த அம்மா பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினார். மெக்கானிக் பிளக்கைச் செருகினார். எல்லோரும் மிஷினைப் பார்த்தார்கள். நான் மாடிப்படியில் நின்று செக்கிங் மேஜையைப் பார்த்தேன். அக்கா நிமிரவில்லை. சாயங்காலம் சங்கு ஊதுகிற வரைக்கும் பட்டுச் சேலையோடு உட்கார்ந்து பிசிறு நூல் வெட்டினார். மடியெல்லாம் பனியன் நூல். நான்கு படி இறங்கிப் போய் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் ஏசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தீபாவளி போனஸ் வாங்கிய பிறகு அக்கா வரவில்லை. நெருப்பெரிச்சல் என்கிற ஊர்ப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வீட்டுக்குப் பக்கம் என்று காரணம் சொன்னாராம்.

நான்கு வருடம் கழித்து, என் குழந்தைக்குப் பனியன் எடுக்கக் காதர்பேட்டைக் கடைவீதிக்குப் போயிருந்தேன். குழந்தை இடுப்பில். "அம்மிணி!" என்று பின்னாலிருந்து குரல். திரும்புவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அக்கா இளைத்திருந்தார். வேறு மாற்றமில்லை. குழந்தைக்கு என்ன வயது, மாமியார் எப்படி, வீடு சொந்தமா வாடகையா என்று எல்லாம் கேட்டார். தன் மகன் வீட்டிலேயே இரண்டு ஓவர்லாக் மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறான் என்று சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்கதானே பொட்டு வெச்சு ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன். என் வாய்!

"அய்யோ, நானெங்க கண்ணு. மருமவள வெக்கச் சொல்லீட்டு நான் வாசல்ல நின்னுக்கிட்டேன். என்ற கை பட்டுத்தான் உன்ற பொட்டியே போச்சு. பையன் கடன ஒடன வாங்கி மிசின் போட்டிருக்கறான், எதுக்கு வம்பு. இப்பெல்லாம் யாரு கூப்டாலும் போறதில்ல."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அது சந்தனத்தால் போகவில்லையக்கா, என்னால் போனது என்ற வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தன பெரிய நட்டத்துக்கும் நீயொருத்தி தான் என்னைய ஒரு வார்த்த சொல்லுல. அத நான் மறக்கவே இல்ல கண்ணு."

குழந்தை அவர் வளையலைப் பிடித்து இழுத்தது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் குழந்தையின் விரல்களைப் பிரித்துவிட்டேன்.

"பரவால்ல விடுங்கக்கா" என்றேன்.