வயிற்றுவலிக்காரியோடு விழுப்புரம் போய் வந்தது

யுத்தம் நடக்கும் இந்தக் காலத்தில் யாரும் ஆசைக்காக விழுப்புரம் போவதில்லை. நானும் போயிருக்க மாட்டேன். கிளியனூரில் இருக்கும் என் அக்காவின் மகள் அஞ்சலைக்குப் பதினைந்து வயது. இரண்டு வருஷமாக அவளுக்கு வயிறு சரியில்லை. வயிறு உப்பும், கடமுடவென்று சத்தம் போடும், பிடித்து முறுக்கும், அப்புறம் கொல்லைக்கு ஓட்டம். பெண் துரும்பாக இளைத்துவிட்டாள். மந்திரித்தோம், கஷாயம் கொடுத்தோம், மயிலத்துக்கு நடந்து போய் வேண்டிக்கொண்டோம். கடைசியில் திண்டிவனத்தில் ஒரு டாக்டர், "குடல்வாலா இருக்கலாம், அறுக்க வேண்டி வரும். விழுப்புரத்துல பெரிய டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றார். அன்றோடு வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் போயிற்று. பங்குனி வெயிலில் மாமன் நான் அவளை அழைத்துக்கொண்டு கிளம்பியது அதனால்தான்.

எங்கள் பக்கத்தில் வயிறு கெட்டால் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டுப் பால் கஞ்சி கொடுப்பதுதான் பத்தியம். போன வருஷம் அஞ்சலைக்கென்றே அக்கா கறவை மாடு ஒன்று வாங்கிக் கட்டினாள். வழிக்கும் ஒரு தூக்கு நிறையப் பாலைக் காய்ச்சிக் கொடுத்து, "வேற எதையும் அவ வாயில வெக்க உட்டுடாதடா" என்று என்னிடம் மூன்று தடவை சொன்னாள்.

கிளியனூரிலிருந்து திண்டிவனம் பத்து மைல். பெட்ரோல் தட்டுப்பாட்டால் இப்போது கரி பஸ்தான் ஓடுகிறது. பின்பக்கம் ஓர் அடுப்பு, அதில் கரி எரிந்து வரும் புகையில் வண்டி ஓடும். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். ஆட்டத்தில் சிந்தாத இடம் என்று பார்த்துப் பார்த்துப் பால் தூக்கைக் கடைசி ஆசனத்தின் மூலையில் வைத்தேன். அடுப்பு அதற்கு நேர் பின்னால் இருந்தது. திண்டிவனத்தில் இறங்கித் திறந்தால் பால் திரிந்து நாறியது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"அடுப்பாண்ட பாலை வெச்சிக்கினு வந்தா அது வேற என்னா பண்ணும், பெரியவரே?"

அஞ்சலை சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபமே வரவில்லை. அந்தப் பெண் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

திண்டிவனத்திலிருந்து ரயிலில் இருபத்துமூன்று மைல். பன்னிரண்டு மணி பாசஞ்சர் ஒன்றரை மணிக்கு வந்தது. பட்டினி போட மனசில்லாமல் ஸ்டேஷன் வாசலில் அவித்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வாங்கிக் கொடுத்தேன். ஒரு கை மட்டும் என்றேன், பொட்டலம் காலி. விக்கிரவாண்டி தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, வயித்த அறுத்தா கோணி ஊசியாலயா தெப்பாங்க?"

"உன் வயித்துல தெக்கறதுக்கு என்னா கீது? எலும்புதான்" என்று கேலி செய்தேன். சிரித்தாள். ஆனால் விழுப்புரம் வரும்வரை என் துண்டு முனையை விடவில்லை.

விழுப்புரத்தில் என் சகலை ரயில்வேயில் வேலை செய்கிறார், அவர் வீட்டில் தங்கினோம். டாக்டர் வெளியூர் போயிருந்தார், வர மூன்று நாளாகும் என்றார்கள். ஊரில் பால் குதிரைக்கொம்பாக இருந்தது. கறப்பதெல்லாம் ஓட்டலுக்கும் பட்டாளத்து ரயில்களுக்கும் போய்விடுகிறது. அரிசியும் கிடைக்காத வீட்டில் காலையில் கேப்பைக் கூழ், ராத்திரி களியும் கருவாட்டுக் குழம்பும். பத்தியக்காரிக்கு இதையா என்று நான் தவித்தேன். அவளோ வழித்து வழித்துச் சாப்பிட்டாள்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "எங்கம்மா வலிக்குது?"

"இப்ப வலிக்கலைங்க."

"கடைசியா எப்ப வலிச்சுது?"

யோசித்தாள். "ஊர்ல இருந்தப்பங்க."

எனக்கு மானம் போயிற்று. நல்ல பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து டாக்டர் நேரத்தைக் கெடுக்கிறேனே என்று கூசினேன். அவர் கோபிக்கவில்லை. ஊரில் என்ன சாப்பாடு, இங்கே என்ன சாப்பாடு என்று துருவித் துருவிக் கேட்டார். பிறகு ஆஸ்பத்திரிப் பால் ஒரு டம்ளர் வரவழைத்துக் குடிக்கச் சொல்லி, வெளியே பெஞ்சியில் உட்கார வைத்தார். ஒரு மணி நேரம் போயிருக்கும். அவள் வயிறு போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "மாமா, வந்துடுச்சி" என்று சுருண்டாள். பிள்ளை வலியில் துடிப்பதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அறுக்கவும் வேணாம், மருந்தும் வேணாம்" என்றார் டாக்டர். "பால் இவ உடம்புக்கு ஒத்துக்கல. வலிக்க வலிக்க நீங்க அதையே ஊத்தியிருக்கீங்க."

போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. கரி பஸ்ஸில் முன்பக்கம் உட்காருங்கள். டாக்டர் ஊரில் இருக்கிறாரா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால், கெடுதல் என்று சந்தேகப்படுவதை மட்டும் சொல்லாமல், நல்லது என்று நீங்கள் ஊட்டுவதையும் சொல்லுங்கள்.

திரும்பி வந்தபோது அக்கா பால் டம்ளரோடு தெருவுக்கே ஓடி வந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. அப்புறம் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள்.

"அப்ப நானேதான் குடுத்துக்கினு இருந்தனா?"

அஞ்சலை டம்ளரை வாங்கினாள். ஊதி ஆற்றி, திரும்ப அம்மா கையிலேயே வைத்தாள்.

"நீ குடிம்மா. மாடு வந்து ஒரு வருஷமாவுது, ஒரு வாய் நீ குடிச்சி நான் பாத்ததில்ல."

அக்கா நடுத்தெருவில் நின்றே குடித்தாள். அழுதுகொண்டு குடித்ததில் பாதி சேலையில் சிந்தியது.