டிக்டிக் மாமாவும் ஒரு கரண்டிக் கீரையும்

பிறப்பு: 1967 மார்ச் 11. மாவு மில்லில் வேலைக்குச் சேர்ந்தது: 1985. திருமணம்: 1993 ஜூன். சிறுவயதுக் காய்ச்சலில் பழுதான இதய வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு பொருத்தியது: 2009 ஆகஸ்ட் 4. தெருவில் வழங்கும் பெயர்: டிக்டிக் மாமா.

அந்தப் பெயரை வைத்தவன் அவருடைய மனைவியின் தம்பி, சரக்கு வேன் ஓட்டுபவன். செயற்கை வால்வின் இரண்டு சிறு இதழ்கள் ஒவ்வொரு துடிப்புக்கும் மூடும்போது எழும் மெல்லிய ஓசை, சத்தமில்லாத அறையில் அருகில் இருப்பவருக்கும் கேட்கும். "மாமா கண்ணாமூச்சி ஆட லாயக்கே இல்ல. எங்க ஒளிஞ்சாலும் உள்ள இருக்கறவன் காட்டிக் கொடுத்துடுவான்" என்பான் தம்பி.

அவருக்கோ அந்த ஓசை பெரும்பாலும் கேட்பதில்லை. பகலெல்லாம் மில்லில் பெல்ட்டும் அரைகல்லும் போடும் இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. கேட்பவள் மனைவி. சன்னலோரம் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து பள்ளிச் சீருடை தைப்பவளுக்கு, இயந்திரம் நிற்கும் இடைவெளியிலெல்லாம் அந்த ஓசைதான் துணை.

வால்வில் இரத்தம் கட்டிக்கொள்ளாமலிருக்க அவர் நாள்தோறும் ஒரு மாத்திரை விழுங்கியாக வேண்டும். இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைப் பரிசோதனையில் ஓர் எண்ணாகச் சொல்வார்கள். அவருக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே நிற்க வேண்டும். குறைந்தால் இரத்தம் கட்டும், கூடினால் கசியும். "சாப்பாட்டுல கீரை அளவு திடீர்னு மாறக் கூடாது" என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள். வீட்டில் கீரை எப்போதாவதுதான் என்பதால் எண்ணும் ஆடாமல் அசையாமல் நின்றது. எச்சரிக்கை மெல்ல மறந்துபோனது.

சென்ற கோடையில் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எலும்பு மெலிந்திருக்கிறது என்றார் எலும்பு மருத்துவர். பால், வெயில், நடை, தினமும் கீரை. அவளுக்குக் கீரை என்றாலே முகம் கோணும்.

"மாடு மாதிரி நான் மட்டும் மேயணுமா? நீங்களும் சாப்பிட்டா நானும் சாப்பிடுறேன்" என்றாள்.

"சரி, ஜோடியாவே மேய்வோம்" என்றார் அவர்.

அப்படித்தான் தொடங்கியது. இருவர் தட்டிலும் தினமும் கீரை. அவள் கையில் மாவுக்கட்டு இருந்ததால் அவருடைய இரத்தப் பரிசோதனை இரண்டு முறை தள்ளிப்போனது. மூட்டை தூக்கும்போது மூச்சு வாங்குகிறது என்று ஒருநாள் சொன்னார். மாவுத் தூசி என்று தானே காரணமும் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிறு மதியம் மின்சாரம் நின்றது. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அவர் கட்டிலில் கண்ணயர்ந்திருந்தார். மாவுக்கட்டு அவிழ்த்த கையால் அவள் ஒரு காற்சட்டையின் விளிம்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அறை இவ்வளவு அமைதியாக இருந்தும் எதுவோ குறைந்தது. கத்தரியைக் கீழே வைத்தாள். அவருடைய மார்பில் காதை வைத்தாள். துடிப்பு இருந்தது. ஆனால் அந்தக் கூர்மையான டிக் இல்லை. துணிக்குள் பொதிந்த கடிகாரம் போல மந்தமாக ஏதோ முனகியது.

"என்னங்க, எழுந்திரிங்க. சத்தம் சரியில்ல."

"கரண்ட் போனா நானும் நின்னுடுவேனா? போய் வேலையப் பாரு."

"விளையாடாதீங்க!"

அவள் குரலைக் கேட்டு அவர் எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததற்கே இளைத்தது. அதை இருவரும் பார்த்தார்கள்.

தம்பியின் வேன் அரிசி மூட்டைகளோடேயே வந்து நின்றது. வழியெல்லாம் அவள் அவருடைய மார்பில் கை வைத்தபடி வந்தாள். "அக்கா, கைய எடு. மாமா ஓடிடவா போறாரு?" என்றான் தம்பி. யாரும் சிரிக்கவில்லை; அவனும்தான்.

இதய மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். நகர்த்தி வைத்து மறுபடியும் கேட்டார். இரத்தம் எடுத்தார்கள். எண் 1.4. வால்வின் ஓர் இதழ் நன்றாகத் திறக்கிறது, மற்றது பாதியிலேயே முட்டி நிற்கிறது, அதன் ஓரத்தில் சிறு கட்டி என்றது ஸ்கேன்.

"சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களாம்மா?"

அவள் கீரையைச் சொன்னாள். சொல்லும்போதே புரிந்துவிட்டது.

"கீரையில வைட்டமின் கே நிறைய. இரத்தம் உறையறதுக்கான புரதங்களைக் கல்லீரல் தயார் பண்ண அது வேணும். எலும்புல சுண்ணாம்புச் சத்து சேரவும் அது ஒத்தாசை பண்ணும். அதனால உங்களுக்குச் சொன்னது தப்பில்ல. ஆனா இவரோட மாத்திரை அந்த வைட்டமினத் தடுத்துத்தான் வேலை செய்யுது. நீங்க கீரைய ஏத்தினீங்க, மாத்திரைய ஏத்தல. மாத்திரை தோத்துப்போச்சு." மருத்துவர் குரலைத் தாழ்த்தினார். "நரம்பு வழியா மருந்து போடுறோம். நாளைக்கு மறுபடி ஸ்கேன். இதழ் அசையலன்னா ஆபரேஷன்தான். ரெண்டாவது தடவை நெஞ்சத் திறக்கறது லேசான காரியமில்ல."

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது.

"நாந்தான் உங்களையும் சாப்பிடச் சொன்னேன்" என்றாள் அவள்.

"நானும் ரெண்டாந்தரம் வாங்கித்தான தின்னேன். பங்கு பாதிப்பாதி."

"இனி வீட்டுல ஒரு இலை நுழையாது."

"அப்போ அடுத்த தடவை விழுந்தா இடுப்பு போகும். நான் தூக்கிட்டு நடக்கணும். இருக்கற மூச்சுக்கு அது ஆகற காரியமா?"

மறுநாள் ஸ்கேனுக்கு முறை வரக் காத்திருந்தார்கள். பொது வார்டில் தள்ளுவண்டியின் சக்கரங்கள் கிரீச்சிட்டன. யாரோ விடாமல் இருமினார். காதை வைத்தவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. அடுத்த கட்டிலில் இருந்த பெரியவரிடம் போய், "ஐயா, ஒரே நிமிஷம் விசிறிய நிறுத்தட்டுமா?" என்றாள்.

"வேகுதும்மா எனக்கு. எதுக்கு?"

"இவர் நெஞ்சைக் கேட்கணும்."

பெரியவர் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, தானே எழுந்து விசிறியை நிறுத்தினார். இருமியவரையும் கையசைத்து அடக்கினார்.

அவள் குனிந்தாள். முதலில் தன்னுடைய துடிப்பே காதை அடைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மங்கலாக ஒன்று. இன்னொன்று. பிறகு, ஊசி தட்டில் விழுவது போல, டிக்.

ஸ்கேனில் இதழ் முக்கால்வாசி திறந்தது. அறுவை வேண்டாம் என்றார் மருத்துவர். கட்டி முழுவதும் கரையும்வரை அவரை வார்டிலேயே வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, "கீரைய ஒரேயடியா நிறுத்திடாதீங்க. அப்போ எண் எகிறி இரத்தம் கசியும். ஒரு அளவு வச்சுக்கங்க; அதுக்குத் தக்க மாத்திரைய நான் ஏத்திக்கிறேன். எண் நிலைக்கற வரைக்கும் வாராவாரம் பரிசோதனை" என்றார்.

இப்போது அவர் தட்டில் தினமும் ஒரு கரண்டிக் கீரை. அவள் தட்டில் இரண்டு. கரண்டி மாறுவதில்லை. அதே கரண்டியைக் கழுவிவைத்து அடுத்த நாளும் எடுக்கிறாள்.

"கொஞ்சம் தூக்கலா போடேன்" என்று ஒருநாள் தட்டை நீட்டினார்.

"தட்ட எடுங்க அந்தப் பக்கம்."

மூன்றாம் வாரப் பரிசோதனை: 2.8.