பௌர்ணமிக்கு ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர்

ஓடினால் நிரம்பும், நின்றால் இறங்கும். அது படுத்துவிட்டால் காரே எழுந்திருக்காது. அது என்ன?

கார் பேட்டரி என்று உடனே சொன்னீர்களானால், நீங்களும் ஒருநாள் சாவியைத் திருகிவிட்டு நடுத்தெருவில் விழித்தவர்தான். வேங்கிக்காலில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் எனக்கு, அப்படி விழிப்பவர்கள் பௌர்ணமிக்கு மறுநாள் ஜாஸ்தி.

பாட்டு கேட்ட கார்

அன்வர் பாய் செங்கம் சாலை விடுதி ஒன்றுக்குக் கார் ஓட்டுகிறார். ஒரு பௌர்ணமியன்று அவருடைய பயணிகள் கிரிவலம் நடந்து திரும்பும்வரை, ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டு கேட்டிருக்கிறார். கால் வலியோடு வந்து ஏறினார்கள், வண்டி கிளம்பவில்லை. சாலைகளை அடைத்திருந்ததால் என் மெக்கானிக்காலும் போக முடியவில்லை. அவர்களுக்கு ரயில் போய்விட்டது.

"இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா வேற வண்டி வச்சுக்கறேன்னு விடுதிக்காரர் சொல்லிட்டாருண்ணே. பாட்டு நல்லா இருந்துச்சு, அதான் பேஜாராயிடுச்சு."

நாலு துளை

ஜம்ப் ஸ்டார்ட்டர், சார்ஜ் ஏற்றி வைத்துக்கொள்ளும் கைக்கடக்கமான பெட்டி. சிவப்பு, கறுப்பு கிளிப்புகளைப் பேட்டரியில் மாட்டினால், பக்கத்தில் வேறு கார் இல்லாமலே வண்டி கிளம்பும். பாயிடம் இரண்டு காட்டினேன். "மேலே போட்டிருக்கிற பெரிய நம்பரைப் பார்க்காதீங்க பாய். வண்டியக் கிளப்ப எத்தனை ஆம்பியர் தரும்னு பாருங்க. உங்களது டீசல், ஜாஸ்தி கேட்கும்," என்றேன். இரண்டுமே போதுமானவை. வெள்ளைப் பெட்டியில் போன் சார்ஜ் ஏற்ற நான்கு துளைகள். கறுப்பில் ஒன்றுகூட இல்லை. வெள்ளையைப் பாய் ஒரு பௌர்ணமிக்குச் சோதனையாக எடுத்துப் போனார்.

"ஓட்டையே இல்லாத பொட்டிய எவன்ணே வாங்குவான்?"

தள்ளிவிட்ட கை

பௌர்ணமிக்கு மறுநாள் வெள்ளைப் பெட்டி என் மேசைக்குத் திரும்பியது, காலியாக. கீழ்பென்னாத்தூர் வேன்காரர்கள், கூட்டத்தில் பிள்ளையைத் தேடிய ஓர் அம்மா என்று கேட்டவர்களுக்கெல்லாம் பாய் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். பாட்டு வேறு ஓடியிருக்கிறது. கார் மறுபடி படுத்தது. சார்ஜ் ஏற்றிக்கொண்டவர்களே தள்ளிவிட்டதில் கார் கிளம்பி, ரயிலும் எப்படியோ கிடைத்ததால், விடுதிக்காரர் காதுக்கு விஷயம் போகவில்லை.

"கொழந்தையக் காணோம்னு நிக்கிறாங்க, சார்ஜ் இல்லன்னு எப்படிண்ணே சொல்றது?"

மூன்றாவது பௌர்ணமி

அடுத்த மாதம், பௌர்ணமிக்கு முந்தின நாள். என் கடைக்கு வந்திருந்த பாய்க்கு விடுதியிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. பாய் வெள்ளையை எடுப்பார், வைப்பார், வாசல்வரை போவார், வருவார். பார்த்துக்கொண்டிருந்த என்னாலேயே உட்கார முடியவில்லை.

"போனுக்குத் தனியா ஒரு பவர் பேங்க் வச்சுக்குங்க பாய்."

"அது தீந்துட்டா இதத்தானே எடுப்பேன்?"

கூட வந்திருந்த மகள் நஸ்ரின் ஆறாவது படிக்கிறாள். "நீயே சொல்லும்மா," என்றார் பாய்.

"ஓட்டை இருந்தா நீங்க குடுத்துடுவீங்க அத்தா."

இத்தனை வருஷமும் என்ன வண்டி என்று மட்டும் கேட்டுத்தான் நான் பெட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நஸ்ரின் கறுப்பை எடுத்தாள்.