அம்மாளாச்சி அனுப்பிய மேடம்

திங்கட்கிழமைகளில் வற்றாப்பளை அம்மாளை நினைத்து விரதமிருக்கும் எல்லோருக்கும் அக்கராயனில் இருந்து வசந்தாவின் வணக்கம். எனக்கு நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன மார்கழியில் என் படிப்பு முடிந்துவிட்டது. நான் முடிக்கவில்லை, பல்கலைக்கழகம் முடித்துவிட்டது. நீங்கள் படிப்பை விட்டு விலகிவிட்டீர்கள், உங்கள் இடம் இரத்தாகிவிட்டது, வாங்கிய உதவிப்பணத்தில் மிச்சத்தைத் திருப்பிக் கட்டுங்கள் என்று கடிதம் வந்தது. வயலில் நின்றபடி வாசித்தேன். கால் சேற்றில் புதைந்துகொண்டு போனது. எனக்கு இழுக்கவும் மனம் வரவில்லை.

எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்று சொல்கிறேன். 2003ஆம் ஆண்டு, சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்தது. ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டித் தெற்கே போய்ப் படிக்கலாம் என்பதே எங்களுக்குப் பெரிய புதினம். விவசாயத்தில் பட்டப்பின்படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்தது. உதவிப்பணமும் கிடைத்தது. அதை வருடத் தொடக்கத்திலேயே முழு வருடத்துக்கும் சேர்த்துத் தந்துவிடுவார்கள். பாதி வருடம் முடிவதற்குள் படிப்பைக் கைவிட்டால் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சேர்ந்த அன்றே இந்த விதியைச் சொன்னார்கள். என் காதில் ஏறவில்லை. நான் ஏன் விடப்போகிறேன் என்ற நினைப்பு எனக்கு.

எங்களைப் போன்ற மாணவருக்கு அங்கே என்னவெல்லாமோ இருந்தன. தனி விடுதி, வைத்தியர் வந்து பார்க்கும் அறை, நெடுநேரம் திறந்திருக்கும் வாசிகசாலை, வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் போய்ச் சொல்வதற்கு மாணவர் நலன் அலுவலகம். அந்த அலுவலகக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. வன்னிப் பிள்ளைகள் நாங்கள் வாய் திறந்து ஒன்றும் கேட்க மாட்டோம். தந்ததைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுப்போம்.

என் ஆய்வு மொட்டைக்கறுப்பன் நெல்லைப் பற்றியது. தண்ணீரை எவ்வளவு வரைக்கும் குறைத்தால் அந்த நெல் தாங்கும் என்று பார்ப்பதுதான் வேலை. எனக்கு வழிகாட்டிய பேராசிரியரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய சம்மதத்தோடு புரட்டாதியில் எங்கள் வயலின் ஒரு மூலையில் விதைத்தேன். அதன்பிறகு வகுப்புகளுக்காகத் திரும்பிப் போனேன். மேடமும் சில மாதங்களுக்கு வெளிநாடு போய்விட்டார்.

கார்த்திகை மழையில், வரம்பு கட்டிக்கொண்டு நின்ற அப்பாவைப் புடையன் பாம்பு கடித்தது. கிளிநொச்சியில் இருந்து விடுதிக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார்கள். நான் பதறிப் போனேன். ஆனால் ஓடி வருவதற்கு முன் என்ன செய்தேன் தெரியுமா? அறையைப் பூட்டித் திறப்பைக் கொடுத்தேன். வாசிகசாலைப் புத்தகங்களையும் அட்டையையும் கொடுத்தேன். மெத்தை விரிப்பைத் தோய்த்துக் காயவைத்து மடித்துக் கொடுத்தேன். இடம்பெயர்ந்து பழகிய சனம் நாங்கள். இரவல் வாங்கிய பானையைக் கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் ஊரை விட்டு வெளிக்கிடுவோம்.

அலுவலகக் கிளாக்கர் தனக்குத் தெரிந்த தமிழில், "திரும்ப வாறதா மிஸ்?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன். அப்பா பிழைப்பாரோ என்றே தெரியாத நேரத்தில் வேறு என்ன சொல்ல? பாவம், அவர் தலையை ஆட்டினார். எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் போகிற பெண்ணை அவர் விலகியவள் என்று எழுதாமல் வேறு எப்படி எழுதுவார்? அவரில் எனக்குக் கோபமில்லை.

அப்பா பிழைத்தார். ஆனால் கால் புண்ணாகி நடக்க மாட்டாமல் கிடந்தார். வயல் முழுவதும் என் தலையில் விழுந்தது. என் ஆய்வுப் பாத்திகளையும் நான் விடவில்லை. களை பிடுங்கினேன், தண்ணீரை அளந்து விட்டேன், கதிர் தள்ளுவதைக் குறித்தேன். படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது.

அப்பா, "மாட்டை வித்துக் கட்டுவம் பிள்ளை" என்றார். கட்டலாம். போன இடத்தை எந்தக் காசு திருப்பித் தரும்? கிளிநொச்சிக்குப் போய்ப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். உங்கள் பேராசிரியர் வந்துதான் ஏதும் சொல்லலாம், அவர் எப்போது வருவார் என்று தெரியாது என்றார்கள். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தேன். அம்மா சோற்றை வைத்தார், எடுத்தார், வைத்தார்.

அப்பாவின் உயிருக்காக அம்மா வற்றாப்பளை அம்மாளுக்கு நேர்த்தி வைத்திருந்தார். அதை நிறைவேற்றத் தை மாதம் ஒரு திங்கட்கிழமை மூவரும் கோயிலுக்குப் போனோம். அப்பா தடியூன்றிக்கொண்டு வந்தார். நான் அம்மாளோடு நேருக்கு நேர் கதைக்கிறவள், சுற்றி வளைக்கத் தெரியாது. கைகூப்பிக்கொண்டு வாய்விட்டே சொன்னேன்.

"அம்மாளாச்சி, அப்பாவைத் தந்தாய், அதுக்கு ஆயிரம் கும்பிடு. ஆனா அதோட நிப்பாட்டிப்போடாதை. நான் படிப்பை விடேல்லை எண்டு உனக்குத் தெரியும். எனக்காகக் கதைக்க ஒராளை அனுப்பு. அவ்வளவுதான்."

அம்மா என் கையில் கிள்ளினார். "அம்மாளோட இப்பிடியே கதைக்கிறது?"

"வேற ஆரோட அம்மா கதைக்கிறது?" என்று கேட்டுவிட்டு அழுதேன். நன்றாக அழுதேன். அழுது முடிந்ததும் மனம் லேசாகிவிட்டது. பேருந்தில் திரும்பும்போது, ஆள் வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

அறுவடை தொடங்கியிருந்தது. நான் அரிவாளோடு குனிந்து நிற்கிறேன், ஒழுங்கையில் ஒரு ஓட்டோ வந்து நிற்கிறது. முக்காடு போட்ட ஒரு பெண் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வரம்பில் வருகிறார். எங்கள் மேடம்.

"முல்லைத்தீவில எங்கட வீட்டைப் பாக்கப் போறன். வழியில உம்மைப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்" என்றார். "நீர் விட்டுட்டுப் போட்டீர் எண்டு ஒபீசில சொல்லீனம். பிறகு இது என்ன?"

என் பாத்திகளைக் காட்டித்தான் கேட்டார். ஒவ்வொரு பாத்தியாக நடந்தார். தண்ணீர் மட்டம் அளக்க நட்ட முளைக்குச்சிகளைக் குனிந்து பார்த்தார். கேள்விமேல் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் சொன்னேன். கடைசியாக, "எல்லாம் செய்திருக்கிறீர். பிறகு ஏன் அறைத் திறப்பைக் குடுத்தனீர்?" என்றார்.

"இரவல் சாமான் மேடம். திரும்பி வருவனோ தெரியாமல் எப்பிடி வச்சிருக்கிறது?"

அவர் வயலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தொண்ணூறில முஸ்லிம் ஆக்களை வெளியேறச் சொல்லி நாங்கள் முல்லைத்தீவை விட்டு வெளிக்கிடேக்க, எங்கட வாப்பா வீட்டுத் திறப்பைப் பக்கத்து வீட்டு ஐயாட்டக் குடுத்தவர். ஆட்டையும் அவரிட்டத்தான் குடுத்தவர். அதுக்காக வாப்பா வீட்டை வேண்டாம் எண்டவரோ?"

நான் அரிவாளைக் கீழே வைத்தேன்.

"இதை நான் அங்க சொல்லுறன். நீரும் வெளிக்கிட்டு வாரும்" என்றார்.

மாசியில் என்னை அழைத்து விசாரித்தார்கள். மேடம் என் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். ஆய்வு மாணவர் வகுப்பில் இருக்கிறாரா என்பதைப் பார்ப்பதில்லையாம், ஆய்வு நடக்கிறதா என்பதைத்தான் பார்ப்பார்களாம். அதைப் பேராசிரியர் உறுதிப்படுத்த வேண்டும். மேடம் உறுதிப்படுத்தினார். நான் திறப்பைக் கொடுத்த கதையையும் சொன்னார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் விலகவே இல்லை என்று முடிவானது. ஒரு சதமும் திருப்பிக் கட்டத் தேவையில்லை. என் இடம் எனக்கே.

அன்றைக்குத்தான் முதன்முதலாக மாணவர் நலன் அலுவலகத்துக்குள் கால் வைத்தேன். அங்கிருந்த அதிகாரிப் பெண், அப்பாவின் பாம்புக்கடி வருத்தத்துக்கு முறையாக விடுப்பே தந்திருப்போம், ஏன் முதலில் வரவில்லை என்று கேட்டார். கேட்கப் பழகவில்லை என்று சொன்னேன். இப்போது வன்னியில் இருந்து யார் புதிதாக வந்தாலும் முதல் நாளே கையைப் பிடித்து அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன். அம்மாளிடம் கேட்கத் தெரிந்த வாய்க்கு அலுவலகத்தில் கேட்க என்ன வெட்கம்?

மேடம் எப்படியும் முல்லைத்தீவுக்கு வரத்தானே இருந்தார், இதில் அம்மாள் எங்கே வந்தாள் என்று கேட்கும் ஆட்களும் இருக்கிறார்கள். என் மச்சானே கேட்டான். கேட்கட்டும். என் கதையைச் சொன்னவுடன் விளங்கிக்கொள்ள, திறப்பைக் கொடுத்துவிட்டு வெளிக்கிட்ட வீட்டுப் பிள்ளை வேண்டியிருந்தது. அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் அப்படி ஒருவரைத் தேடிப் பிடிக்க என்னால் முடியுமா? அம்மாளாச்சி பிடித்தாள்.

இந்த வைகாசியில் அம்மாளின் பொங்கலுக்கு என் பாத்தியில் விளைந்த அரிசியோடு வற்றாப்பளைக்குப் போனேன். ஒரு பை அரிசியை மேடத்துக்கும் கொண்டுபோனேன். அவர் விடுமுறையில் முல்லைத்தீவு வீட்டைத் துப்புரவாக்கிக்கொண்டு இருந்தார். கூரை இல்லை. குசினிக்குள், அடுப்பு இருந்த இடத்தில், வேம்பு முளைத்திருந்தது. கிணற்றுக்குள் இருந்து அவருடைய தம்பி கல் எடுத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நான் உங்களுக்காக அம்மாளிட்ட என்ன கேக்க?" என்றேன்.

சிரித்தார். "நான் அல்லாஹ்விட்டக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். நீரும் கேளும், குறைஞ்சு போகாது. வாப்பா இன்னும் புத்தளத்திலதான் இருக்கிறார். ஒரு பெருநாளெண்டாலும் அவர் இந்த வீட்டில கொண்டாட வேணும்."

அன்றில் இருந்து திங்கட்கிழமைகளில் என் வேண்டுதல் அதுதான். எனக்காகக் கதைக்க ஒராளைக் கேட்டேன், வந்தார். இனி அவருக்காகக் கதைப்பது என் முறை. நீங்களும் உங்களுக்கு வேண்டியதை அம்மாளிடம் வாய் திறந்து கேளுங்கள், அவள் கேட்காமல் போவதில்லை. கேட்கும்போது முல்லைத்தீவில் கூரையில்லாமல் நிற்கும் அந்த வீட்டுக்காகவும் ஒரு சொல் சேர்த்துச் சொல்லுங்கள். கொஞ்சம் கெதியாகச் செய்யச் சொல்லுங்கள். அந்த வாப்பாவுக்கு வயது போய்விட்டது.